வாந்தியை வருமுன் காப்போம்: கீமோதெரபி பெறுவோருக்கும் உடனிருப்போருக்கும் ஒரு பாடம்

கீமோதெரபி தொடங்கப்போகிறது என்று அறிந்தவுடன் நோயாளரும் குடும்பத்தாரும் எங்களிடம் முதலில் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளே. முடி கொட்டுமா என்பது ஒன்று. வாந்தி வருமா என்பது மற்றொன்று. கொட்டிய முடி சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். இரண்டாவது கேள்வியோ சிகிச்சையின் போக்கையே தீர்மானிக்க வல்லது. ஆதலால் இவ்விதழின் பாடத்தை அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

குமட்டலும் வாந்தியும் பொறுத்துக்கொள்ள வேண்டிய துன்பங்கள் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. தொடர்ந்து வாந்தி எடுப்பவரின் உடலிலிருந்து நீரும் உப்புகளும் வெளியேறுகின்றன. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தைப் பெறுபவருக்கு உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உணவு செல்லாமையால் எடை குறையும்; எடை குறைந்தவருக்கு அடுத்த சுழற்சியைத் தள்ளிப்போட நேரிடும். எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, “இனி இந்தச் சிகிச்சையே வேண்டாம்” என்று நோயாளர் மனம் வெறுத்து விலகிவிடுவது. குணமாகக்கூடிய நோயைக் குணமாகாத நோயாக மாற்றிவிடும் ஆற்றல் வாந்திக்கு உண்டு என்பதை நாங்கள் மிகையாகக் கூறவில்லை.

நற்செய்தியும் உண்டு. சிஸ்பிளாட்டின் 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, அதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய அனைவரும் கடுமையாக வாந்தி எடுத்தனர். 1991இல் ஒன்டான்செட்ரான், 2003இல் அப்ரெபிட்டன்ட் ஆகிய மருந்துகள் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றன. இன்று தக்க மருந்துகளைத் தக்க நேரத்தில் எடுத்துக்கொள்வோரில் பெரும்பாலோர் வாந்தியின்றியே சிகிச்சையை முடிக்கின்றனர். “தக்க நேரத்தில்” என்ற சொல்லே இப்பாடத்தின் சாரம்.

வாந்தி எவ்வாறு உண்டாகிறது?

கீமோதெரபி மருந்து வயிற்றைப் புண்ணாக்குவதால் வாந்தி வருகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது நரம்புகளின் வழியே நிகழும் செயல். நச்சுப்பொருள் உள்ளே நுழைந்தால் அதை வெளியேற்றும் காவல் ஏற்பாடு ஒன்று நம் உடலில் இயல்பாகவே அமைந்துள்ளது. கெட்டுப்போன உணவை உண்டால் வாந்தி வருவது இவ்வேற்பாட்டால்தான்.

கீமோதெரபி மருந்து குடலின் உட்சுவரிலுள்ள சில உயிரணுக்களைத் தாக்கும்போது அவை செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது அருகிலுள்ள நரம்பைத் தூண்டுகிறது. அத்தூண்டல் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தைச் சென்றடைய, அங்கிருந்து வாந்திக்கான கட்டளை பிறக்கிறது. மருந்து செலுத்திய முதல் நாளில் நிகழ்வது பெரிதும் இது. அதன் பின்வரும் நாட்களில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்னும் வேறொரு வேதிப்பொருள் மூளையில் முதன்மை பெறுகிறது. வழிகள் இரண்டு இருப்பதால் ஒரே மாத்திரையால் இரண்டையும் அடைக்க இயலாது. மருந்துச் சீட்டில் மூன்று அல்லது நான்கு வாந்தித் தடுப்பு மருந்துகள் எழுதப்படுவது இதனால்தான். ஒன்று போதாதா என்று வியந்து, அவற்றில் இரண்டை வாங்காமல் விடுவது சரியன்று.

மூன்று காலங்கள்

வாந்தி வரும் காலத்தைக் கொண்டு அதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உடன் வாந்தி. மருந்து செலுத்திய 24 மணி நேரத்திற்குள் வருவது.

இரண்டாவது, தாமத வாந்தி. 24 மணி நேரம் கழிந்தபின் தொடங்கி ஐந்தாம் நாள் வரை நீடிக்கக்கூடியது. சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு இது இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சம் அடைகிறது. அப்போது நோயாளர் மருத்துவமனையில் இருப்பதில்லை, வீட்டில் இருக்கிறார். செவிலியரின் இடத்தில் மனைவியோ கணவரோ மகளோ மகனோ இருக்கின்றனர்.

மூன்றாவது, எதிர்பார்ப்பு வாந்தி. முந்தைய சுழற்சியில் மிகவும் துன்புற்றவருக்கு, அடுத்த முறை மருத்துவமனை வாசலை நெருங்கும்போதே, அல்லது மருந்து நெடியை முகர்ந்தவுடனே குமட்டத் தொடங்கும். மருந்து இன்னும் உடலில் ஏறியே இராது. இது நடிப்புமன்று, மனத்தளர்ச்சியுமன்று. பட்ட துன்பத்தை மூளை நினைவில் பதித்துக்கொண்டு முன்னெச்சரிக்கை செய்வதன் விளைவு. ஒருமுறை பதிந்த இந்நினைவை அழிப்பது கடினம். ஆகவே முதல் சுழற்சியிலேயே வாந்தி வராமல் தடுப்பது இன்றியமையாதது. முதல் முறை நன்றாகக் கடந்தவருக்குப் பிந்தைய முறைகளும் எளிதாகின்றன.

எல்லா மருந்தும் ஒன்றன்று. எல்லா மனிதரும் ஒருவரல்லர்

“என் உறவினர் ஒருவருக்குக் கீமோதெரபியில் வாந்தியே வரவில்லை, எனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்போர் பலர். கீமோதெரபி என்பது ஒரே மருந்தின் பெயரன்று. தடுப்பு மருந்து எதுவும் தராவிட்டால் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதைக் கொண்டு மருத்துவர்கள் இம்மருந்துகளை நான்கு நிலைகளாக வகுத்துள்ளனர்.

உயர்நிலை: 100 பேரில் 90க்கும் மேற்பட்டோருக்கு வாந்தி வரும். தலை, கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு கூட்டும் இவ்வகை.

நடுநிலை: 30 முதல் 90 பேருக்கு வரும். ஆக்ஸாலிபிளாட்டின், இரினோட்டிகான் போன்றவை.

குறைநிலை: 10 முதல் 30 பேருக்கு வரும். பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல், ஜெம்சிடபின் போன்றவை.

மிகக் குறைநிலை: 10 பேருக்கும் குறைவாகவே வரும். வின்கிறிஸ்டின், பிளியோமைசின் போன்றவை.

மருந்தைப் போலவே உடலும் ஒரு காரணம். பெண்கள், 50 வயதுக்குக் குறைந்தவர்கள், பேருந்துப் பயணத்தில் வாந்தி எடுக்கும் வழக்கமுடையவர்கள், கருவுற்ற காலத்தில் மசக்கையால் மிகவும் துன்புற்றவர்கள், மனப்பதற்றம் மிகுந்தவர்கள் ஆகியோருக்கு வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். இவற்றுள் எதுவும் உங்களுக்குப் பொருந்துமாயின் முதல் நாளே மருத்துவரிடம் கூறுங்கள். மசக்கை பற்றி இங்கே பேசுவானேன் என்று தயங்க வேண்டாம். மருந்தைத் தேர்ந்தெடுக்க அச்செய்தி எங்களுக்கு உதவும்.

சீட்டில் உள்ள மருந்துகளை அறிவோம்

ஒன்டான்செட்ரான், கிரானிசெட்ரான், பலோனோசெட்ரான் ஆகியவை செரட்டோனினின் தூண்டலைத் தடுப்பவை. கீமோதெரபிக்கு அரைமணி நேரம் முன்பு பெரும்பாலும் ஊசியாகச் செலுத்தப்படும். தலைவலியும் மலச்சிக்கலும் இவற்றால் வரலாம். மலச்சிக்கலே குமட்டலைக் கூட்டும் என்பதால் இரண்டு நாள் மலம் கழியாவிட்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

அப்ரெபிட்டன்ட் என்பது ‘சப்ஸ்டன்ஸ் பி’யின் செயலைத் தடுப்பது. வழக்கமாக மூன்று கேப்சூல்கள் கொண்ட அட்டையாகக் கிடைக்கும். முதல் நாளுக்கு 125 மில்லிகிராம், இரண்டாம், மூன்றாம் நாட்களுக்கு 80 மில்லிகிராம். முதல் கேப்சூலைக் கீமோதெரபிக்கு ஒருமணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்வோரும், கருத்தடை மாத்திரை உட்கொள்வோரும் அதை முன்னரே கூற வேண்டும். அவற்றின் ஆற்றலை இது குறைக்கும்.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சில நாட்களுக்கு மட்டும் தரப்படுவதால் அப்பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. காலையில் உணவுக்குப்பின் உட்கொள்ள வேண்டும். மாலையில் உட்கொண்டால் தூக்கம் கெடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை உயரும். அந்நாட்களில் சர்க்கரையை அளந்து பார்ப்பதும், மருத்துவர் சொல்லும் அளவில் இன்சுலினையோ மாத்திரையையோ மாற்றிக்கொள்வதும் தேவை.

ஓலான்சபின் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. மருந்துக் கடையில் வாங்கும்போது “இது மனநோய்க்கான மாத்திரை ஆயிற்றே” என்று யாரேனும் சொல்லக் கேட்டு, அதை நோயாளருக்குத் தராமல் ஒதுக்கிவைக்கும் குடும்பங்கள் உண்டு. அது மனநோய்க்கும் பயன்படும் மருந்து என்பது உண்மையே. ஆயினும் குமட்டலை அடக்குவதில் அதன் ஆற்றல் சிறப்பானது. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மற்ற மூன்று மருந்துகளோடு ஓலான்சபினையும் பெற்றவர்களில் 100க்கு 74 பேர் முதல் நாளில் குமட்டலே இன்றி இருந்தனர். அதைப் பெறாதவர்களில் 45 பேரே அவ்வாறு இருந்தனர். இது தூக்கத்தை வரவழைக்கும். ஆதலால் இரவில் தரப்படுகிறது. 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராமே போதுமானது என்றும், பகல் தூக்கம் அதனால் குறைகிறது என்றும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024இல் காட்டியது. எந்த அளவு உங்களுக்குரியது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முதியவர்கள் இம்மாத்திரையை உட்கொண்ட இரவில் தனியே எழுந்து கழிப்பறைக்குச் செல்ல விடாதீர்கள்; தலைசுற்றி விழ நேரலாம்.

அதே ஆய்வில் ஓலான்சபின் பெற்றவர்களுள்ளும், இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை குமட்டலின்றி இருந்தவர்கள் 100க்கு 42 பேரே. வாந்தியைவிடக் குமட்டலை அடக்குவதே அரிது என்பதையும், வீட்டில் கழியும் நாட்களே கவனத்திற்குரியவை என்பதையும் இது உணர்த்துகிறது.

கைவிட வேண்டிய நான்கு எண்ணங்கள்

“வாந்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.” தாமத வாந்திக்கான மாத்திரைகள் வாந்தி வந்தபின் நிறுத்துவதற்கானவை அல்ல, வராமல் தடுப்பதற்கானவை. வாந்தி தொடங்கிவிட்டால் விழுங்கிய மாத்திரையும் தங்காது. இரண்டாம் நாள் நோயாளர் நலமாக இருக்கிறார் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். மாத்திரை தேவையில்லை என்று பொருளன்று. சீட்டில் குறித்த நாள் வரை தவறாது கொடுங்கள். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதப்பட்ட மாத்திரை தனி. அதைக் குமட்டல் தலைகாட்டும்போதே கொடுக்க வேண்டும்.

“வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது.” இரண்டுக்கும் தொடர்பில்லை. வாந்தியே இல்லாதவருக்கும் கட்டி கரைகிறது.

“சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள்.” இவ்வச்சத்தால் பல நோயாளர்கள் தம் துன்பத்தை மறைக்கின்றனர். நீங்கள் சொன்னால் நாங்கள் முதலில் மாற்றுவது வாந்தித் தடுப்பு மருந்தையே. அடுத்த முறை கூடுதலாக ஒரு மருந்து சேர்ப்போம், அல்லது நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றுவோம்.

“வாந்தி எடுக்கவில்லை, ஆகவே நலம்.” குமட்டல் கண்ணுக்குத் தெரியாது. வாந்தி எடுக்காமலே நாள் முழுதும் குமட்டலோடு படுத்திருப்பவர் எதையும் உண்ணமாட்டார். ஆகவே “வாந்தி எடுத்தீர்களா?” என்று மட்டும் கேளாமல், “குமட்டல் எப்படி இருக்கிறது? பத்துக்கு எத்தனை?” என்றும் கேளுங்கள்.

உணவு

கீமோதெரபி நாளன்று வெறும் வயிற்றோடு வர வேண்டாம். வயிறு நிரம்பவும் உண்ண வேண்டாம். இரண்டு இட்லியோ சிறிதளவு இடியாப்பமோ போதும். நெடுந்தொலைவிலிருந்து பேருந்தில் வருவோர் முன்பகுதியில் சன்னலோரம் அமர்ந்தால் பயணக் குமட்டல் குறையும்.

அடுத்து வரும் நாட்களில் மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குமட்டலை எழுப்புவதில் மணத்திற்குப் பெரும்பங்கு உண்டு. சூடான உணவில் மணம் மிகுதி. ஆறிய உணவில் குறைவு. குழைந்த சோறு, கஞ்சி, ரசம் சாதம், மோர் சாதம், ரஸ்க், வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை எளிதில் ஏற்கும். தாளிக்கும்போதும் மீன், கறி சமைக்கும்போதும் நோயாளரைக் காற்றோட்டமான வேறிடத்தில் இருக்கச் செய்யுங்கள். உண்டவுடன் படுக்காமல் ஒருமணி நேரமேனும் தலையை உயர்த்திச் சாய்ந்திருப்பது நன்று.

நீரை ஒரே மூச்சில் பருகாமல் மடக்கு மடக்காகப் பருக வேண்டும். வாந்தி எடுத்தவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஐந்து நிமிடத்திற்கு ஓரிரு தேக்கரண்டி என்ற அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு நீர் பருகலாம், இளநீர் பருகலாமா என்பதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி.

நோயாளருக்கு மிகவும் பிடித்த உணவைக் குமட்டல் கடுமையாக உள்ள நாளில் கொடுக்க வேண்டாம். அவ்வுணவின் மீதே வெறுப்பு விழுந்து, நலமான நாட்களிலும் அதை வெறுக்க நேரிடும். இஞ்சியால் சிலருக்குக் குமட்டல் சற்றுக் குறைகிறது. உணவில் சேர்க்கும் அளவில் தீங்கில்லை. ஆயினும் அது மாத்திரைக்கு மாற்றன்று. லேகியம், சூரணம், கஷாயம் எதுவாயினும் எங்களிடம் காட்டிய பின்னரே கொடுங்கள். சில மூலிகைகள் கீமோதெரபி மருந்தின் அளவை உடலில் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று கூற விரும்புகிறோம். “ஒரு வாய் சாப்பிடுங்கள்” என்று அன்பினால் வற்புறுத்துவது சில வேளைகளில் துன்பமாகிவிடும். நோயாளர் மறுத்தால் தட்டை எடுத்துவிட்டு அரைமணி கழித்து மீண்டும் கேளுங்கள். மறுப்பது உங்கள் அன்பையன்று, உணவை மட்டுமே.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

ஒரு சிறிய நோட்டில் ஐந்து நாட்களுக்கும் எழுதிவையுங்கள்: எந்த மாத்திரை எப்போது உட்கொண்டார், எத்தனை முறை வாந்தி எடுத்தார், குமட்டல் பத்துக்கு எத்தனை, என்ன உண்டார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார். அடுத்த முறை வரும்போது அந்த ஒரு பக்கம் எங்களுக்கு மிகவும் உதவும்.

வாந்தித் தடுப்பு மாத்திரையை விழுங்கிய அரைமணிக்குள் வாந்தி வந்தால் மீண்டும் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் கேளுங்கள். கீமோதெரபியையே மாத்திரையாக உட்கொள்வோர், அது வாந்தியில் வெளியேறினாலும் தாமாக இரண்டாம் முறை உட்கொள்ளக் கூடாது.

மருந்து பெற்ற 48 மணி நேரத்திற்கு வாந்தியைத் துப்புரவு செய்வோர் கையுறை அணிந்து, பின்னர் சோப்பினால் கை கழுவ வேண்டும். கருவுற்ற பெண்கள் இப்பணியைச் செய்யலாகாது.

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுகுங்கள்:

• 24 மணி நேரமாக நீர்கூடத் தங்காமை
• ஒரே நாளில் நான்கைந்து முறைக்கு மேல் வாந்தி
• வாந்தியில் இரத்தம், அல்லது காப்பித்தூள் போன்ற நிறம்
• எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, எழுந்தால் தலைசுற்றல்
• 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
• கடும் வயிற்றுவலி, வயிறு உப்புதல், மலமோ வாயுவோ பிரியாமை
• கடும் தலைவலியுடன் வாந்தி, மனக்குழப்பம்

வாந்திக்குக் கீமோதெரபி ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குடலடைப்பு, இரத்தத்தில் கால்சியம் மிகுதல், வலிக்குத் தரும் மார்பின், மூளையில் ஏற்படும் அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம். ஆதலால் “கீமோதெரபி வாந்திதானே” என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள்.

கற்றதைச் சோதித்துக்கொள்வோம்

1. இரண்டாம் நாள் நோயாளர் நலமாக இருக்கிறார், மாத்திரையை நிறுத்தலாமா?
நிறுத்தலாகாது. தாமத வாந்தி உச்சம் அடையும் காலம் அது.

2. ஓலான்சபின் எதற்காகத் தரப்படுகிறது?
குமட்டலையும் வாந்தியையும் தடுப்பதற்காக. இரவில் உட்கொள்ள வேண்டும்.

3. முதல் சுழற்சியிலேயே வாந்தியைத் தடுப்பது ஏன் இன்றியமையாதது?
பட்ட துன்பம் நினைவில் பதிந்தால் பிந்தைய சுழற்சிகளில் மருந்துக்கு முன்பே குமட்டும்.

4. வாந்தி இல்லை, ஆனால் நாள் முழுதும் குமட்டுகிறது, சொல்ல வேண்டுமா?
கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்கும் மருந்து உண்டு.

இந்நான்கு விடைகளையும் உடனிருப்பவர் அறிந்திருந்தால், மருந்து ஏறிய பின் வரும் ஐந்து நாட்களும் நோயாளருக்குப் பெரிதும் எளிதாகும். இப்பக்கத்தை எடுத்துச் சென்று, வீட்டில் மாத்திரைகள் வைக்கும் இடத்தருகே ஒட்டிவையுங்கள். ஐயம் எழுந்தால், இரவாயினும் எங்களை அழைக்கத் தயங்காதீர்கள்.